முட்டைக் கணக்கும் குஞ்சுக் கணக்கும்

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையிலிருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகனிடம் ஆங்கில ஆசிரியர் ஒரு மரபுத்தொடரைக் கொடுத்து, பொருள் எழுதி வாக்கியத்தில் அமைத்து வரும்படி பணித்தாராம். ‘டோன்ட் கவுண்ட் யுவர் சிக்கன்ஸ் பிஃபோர் தே ஆர் ஹாட்ச்டு’ என்பது அத்தொடர். அகராதியைப் புரட்டிய பையன், ‘குஞ்சு பொரிக்குமுன் கோழிகளை எண்ணாதே, அதாவது முன்கூட்டியே திட்டமிடாதே’ என்று எழுதிவிட்டான். தாய்க்கு அது சரியாகப் படவில்லை. “நான் வீட்டில் கோழி அடை வைக்கிறவள். முட்டையை எண்ணித்தான் வைக்கிறேன். நாளையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். எண்ணாமல் குடும்பம் நடத்த முடியுமா? திட்டமிடாதே என்று ஒரு பழமொழி சொல்லுமா?” என்று கேட்கிறார்.

பழமொழி அப்படிச் சொல்லவில்லை. அது எண்ண வேண்டாம் என்று தடுப்பது முட்டைகளை அன்று, குஞ்சுகளை. இந்த வேறுபாட்டை அகராதிகள் பல சமயம் விட்டுவிடுகின்றன. கோழி வளர்க்கும் வீட்டிலோ அது நாள்தோறும் கண்ணெதிரே நிற்கிறது.

முதலில் கோழியையே பார்ப்போம். நாட்டுக்கோழி ஒன்றின் அடியில் பத்து அல்லது பன்னிரண்டு முட்டைகளை அடை வைக்கிறோம். இருபத்தொரு நாள் ஆகவேண்டும். ஒரு வாரம் சென்றபின் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், கருவுற்ற முட்டையில் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரியும். ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் ஊடுருவிச் சென்றால் அது கருவுறாத முட்டை. வேறு சில பாதி வளர்ந்து கருவிலேயே சாகும். தாய் எழுந்து போய்விட்டால் சூடு குறையும். நவீனக் குஞ்சு பொரிப்பகங்களில்கூட நூறு முட்டைக்கு நூறு குஞ்சு என்பது நடவாத கணக்கு. பொரித்த பிறகும் பருந்து உண்டு, கீரி உண்டு, வெள்ளைக்கழிச்சல் நோய் உண்டு. இதனால்தான் ருஷ்ய நாட்டு மக்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, குஞ்சுகளை இலையுதிர் காலத்தில்தான் எண்ண வேண்டும் என்கிறார்கள். கோடையில் பொரித்தவற்றுள் எத்தனை பிழைத்தன என்பது அப்போதுதான் தெரியுமாம்!

ஆங்கிலத்தில் இக்கருத்து மிகப் பழையது. 1570-ஆம் ஆண்டிலேயே தாமஸ் ஹவெல் என்னும் கவிஞர் இதனைத் தம் பாட்டில் கையாண்டிருக்கிறார். இதற்கு மூலம் ஈசாப் சொன்ன பால்காரியின் கதை என்று பள்ளிப் புத்தகங்கள் கூறும். பாற்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த ஒருத்தி, பால் விற்ற காசில் முட்டை வாங்கி, முட்டை குஞ்சாகி, குஞ்சு கோழியாகி, கோழி விற்ற பணத்தில் மேலும் மேலும் பொருள் சேர்ப்பதாகக் கனவு கண்டு, களிப்பில் துள்ளிக் குடத்தைப் போட்டு உடைத்தாள் என்பது கதை. ஆயினும் ஈசாப்பின் பழைய கிரேக்கத் தொகுப்புகளில் இக்கதை இல்லை என்பதே அறிஞர் கண்ட முடிவு. அது பிற்காலத்தில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் கதை எங்கிருந்து போயிற்று? நம் நாட்டிலிருந்துதான். பஞ்சதந்திரத்தில், பிச்சையாகப் பெற்ற மாவைப் பானையில் நிரப்பி, அதைத் தன் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டுப் படுத்திருந்த ஒருவனின் கதை வருகிறது. பஞ்சம் வரும், மாவை நல்ல விலைக்கு விற்பேன், ஆடு வாங்குவேன், ஆடு பெருகி மாடாகும், வீடு வரும், மனைவி வருவாள், மகன் பிறப்பான் என்று எண்ணிக்கொண்டே போகிறான். மகனுக்குப் பெயரும் வைத்துவிடுகிறான். பிள்ளையைக் கவனியாத மனைவியை உதைப்பதாக நினைத்துக் காலை வீச, பானை உடைந்து மாவெல்லாம் அவன்மேல் கொட்டுகிறது. இந்நூல் கி.பி. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குச் சென்றது. எட்டாம் நூற்றாண்டில் இபின் அல்-முகஃபா என்பவர் அதனை அரபு மொழியில் ஆக்கினார். அரபிலிருந்து எபிரேயம், எபிரேயத்திலிருந்து இலத்தீன் என்று நடந்து நடந்து ஐரோப்பாவை அடைந்தது. 1678-இல் பிரான்சு தேசத்துக் கவிஞர் லா ஃபொந்தேன் தம் புதிய கதைத் தொகுதியை வெளியிட்டபோது, இந்திய ஞானி ஒருவருக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக முன்னுரையில் எழுதினார். பால்காரி கதை அத்தொகுதியில்தான் உள்ளது. மாவுப் பானை பாற்குடமாக மாறிய இந்தப் பயணத்தை 1870-இல் மாக்ஸ் முல்லர் விரிவாக எடுத்துரைத்தார். தமிழில் பஞ்சதந்திரத்தைத் தாண்டவராய முதலியார் உரைநடையில் தர, அது 1826-இல் அச்சேறியது.

நம் மொழியில் இதற்கு நேரான பழமொழி இல்லையா என்று சிலர் கேட்கலாம். ‘எருமை வாங்குமுன் நெய் விலை பேசாதே’ என்பது உண்டே! ‘மனக்கோட்டை கட்டுதல்’ என்ற வழக்கும் உண்டு. ஆனால் மனக்கோட்டை என்பது வெறும் கனவுக்குப் பெயர். எருமைப் பழமொழிதான் ஆங்கிலத் தொடருக்கு மிக நெருக்கமானது. ஏனெனில் அங்கே ஒருவன் கனவு மட்டும் காணவில்லை. இன்னும் தன் தொழுவுக்கு வராத எருமையின் நெய்க்கு விலை பேசி, பேச்சுக் கொடுத்துவிடுகிறான். பிரெஞ்சுக்காரர் கரடியைக் கொல்லுமுன் அதன் தோலை விற்காதே என்பர். கோழி, எருமை, கரடி என்று அவரவர் ஊரில் கிடைத்த பிராணியைக் கொண்டு எல்லாரும் சொல்வது ஒன்றே: வராததை வந்ததாக வைத்து மற்றொருவரிடம் வாக்குக் கொடாதே.

தமிழ்க் கத்தோலிக்கர் இவ்விடத்தில் வீரமாமுனிவரை மறக்கலாகாது. அவர் இயற்றிய ‘பரமார்த்த குருவின் கதை’யில், குருவுக்குக் குதிரை வாங்கப் போன சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி விலைகொடுத்து வாங்குகிறார்கள். தலையில் சுமந்து வரும் வழியில் அது விழுந்து உடைகிறது. புதரிலிருந்து வெருண்டு ஓடிய முயலைக் குதிரைக்குட்டி என்றெண்ணித் துரத்துகிறார்கள். நாம் சிறுவயதில் விழுந்து விழுந்து சிரித்த கதை அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால்காரியின் குடத்தில் பாலாவது இருந்தது. சீடர்கள் கையில் இருந்ததோ முட்டையே அன்று. குஞ்சை எண்ணுகிறவன் ஏமாறுவது ஒரு வகை. முட்டை என்று எவனோ சொன்னதை நம்பிக் குஞ்சை எண்ணுவது அதனினும் கொடிய வகை.

இது கதையளவில் நின்றுவிட்டால் நாம் இவ்வளவு எழுதத் தேவையில்லை. நம் தமிழ்நாட்டிலேயே, எல்லாரும் பார்த்திருக்க, இந்தக் குதிரை முட்டை விற்பனையாயிற்று. ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் இயங்கிய சுசி ஈமு பண்ணை நிறுவனத்தைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். ஈமு என்பது ஆஸ்திரேலியாவின் பெரும் பறவை, பறக்காது, அதன் முட்டை கரும்பச்சை நிறம், ஆண்பறவையே ஏறக்குறைய எட்டு வாரம் அடைகாக்கும். ஒன்றரை லட்சம் ரூபாய் வைப்பீடு செலுத்துபவருக்கு ஆறு ஈமு குஞ்சுகள் தருவோம், கொட்டகை போட்டுத் தருவோம், தீவனம் தருவோம், மாதம் ஆறாயிரம் ரூபாய் பராமரிப்புக் கூலியும் ஆண்டுக்கு இருபதாயிரம் ஊக்கத்தொகையும் தருவோம், இரண்டாண்டு முடிவில் வைப்பீட்டையும் திருப்புவோம் என்றது நிறுவனம். திரைப்பட நட்சத்திரங்கள் தோன்றிய விளம்பரங்களும் வந்தன. உழவர்களும் ஓய்வுபெற்றோரும் சிறு வணிகரும் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

ஒரு தாளும் பென்சிலும் எடுத்து இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் ஆறாயிரம் எனில் ஆண்டுக்கு 72,000. ஊக்கத்தொகை 20,000 சேர்த்தால் 92,000. ஒன்றரை லட்சத்துக்கு ஆண்டு வருவாய் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல்! எந்த வங்கி இதைத் தரும்? எந்த வயல் இதைத் தரும்? பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். ஈமு இறைச்சியை நம் ஊர்களில் விரும்பி வாங்குவார் இல்லை. எண்ணெய்க்கும் தோலுக்கும் இறகுக்கும் பெருஞ்சந்தை எதுவும் உருவாகவில்லை. பறவைக்கு இருந்த விலையெல்லாம், அடுத்து வரும் முதலீட்டாளர் குஞ்சுக்குக் கொடுக்கப்போகும் விலைதான். புதியவர் பணம் பழையவருக்குக் கூலியாயிற்று. புதியவர் வரத்துக் குறைந்ததும் குடம் உடைந்தது. 2012 ஆகஸ்டில் நிறுவனம் சரிந்தது. கைவிடப்பட்ட பறவைகள் பசியால் மடியத் தொடங்க, அரசே முன்வந்து தீவனமிட நேர்ந்தது. 1997-ஆம் ஆண்டு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்குகள் நடந்தன. கோயம்புத்தூர்ச் சிறப்பு நீதிமன்றம் சிறைத் தண்டனையும் விதித்தது. தண்டனை கிடைத்தது மெய். ஆயினும் நகையை அடகுவைத்தும் நிலத்தை விற்றும் பணம் கட்டிய குடும்பங்களுக்குப் போன காலம் திரும்பவில்லை.

அமெரிக்காவில் 1990-களில் இதே ஈமு மோகம் எழுந்து, ஒரு சோடிப் பறவை ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோய், அப்பத்தாண்டு முடியுமுன் விலை விழுந்து, பண்ணையாளர் பலர் பறவைகளை வெளியே விரட்டிவிட்டனர். அந்த வரலாறு உலகறிந்தது. அங்கே உடைந்த பானையைத்தான் இங்கே புதுப் பானை என்று விற்றார்கள்.

‘இது பேராசைக்காரர் கதை, நமக்கென்ன?’ என்று எண்ணிவிட வேண்டாம். நேர்மையாக உழைப்பவர்களும் குஞ்சை எண்ணுவதுண்டு. குத்துக்கல்வலசைக்கு மேற்கே சிறிது தொலைவில் குற்றாலம் இருக்கிறது. சூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கால்வைத்து, மலைக் கணவாய் வழியே இப்பக்கம் சாரலைத் தூவுகிறது. அந்த இரண்டு மூன்று மாதச் சீசனை நம்பிக் கடை எடுப்போர், அறை வாடகைக்கு விடுவோர், பழம் விற்போர், வண்டி ஓட்டுவோர் எத்தனையோ பேர். சாரல் விழுமுன்னே வட்டிக்கு வாங்கிக் கடைக்குப் பணம் கட்டியாக வேண்டும். மழை பிந்தினால் அருவியில் நீரில்லை. மழை மிகுந்தால் அருவியில் குளிக்கத் தடை. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சீசனிலோ அருவிகள் கொட்டின. பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டினால் குளிக்க ஆளில்லை. முட்டை நன்றாகவே இருந்தது, குஞ்சும் பொரித்தது, ஆனால் வாங்குவார் வரவில்லை. இங்கே கடை எடுத்தது பிழையன்று. வாழ வேண்டுமானால் கடை எடுத்துத்தான் ஆகவேண்டும். வரப்போகும் சீசன் பணத்தில் ஏற்கெனவே மகளுக்கு நகை சொல்லிவிட்டவருக்கும், கடை வாடகைக்கு மட்டுமே கடன்பட்டவருக்கும் இடையில்தான் வேறுபாடு. முன்னவர் இரண்டு கடனில் விழுந்தார். பின்னவர் ஒன்றில் நின்றார்.

சிற்றாற்றுப் பாசன வயல்களிலும் இதே கதைதான். கதிர் வெளிவருமுன் இத்தனை மூட்டை என்று கணக்கிட்டு, அந்த மூட்டைகளின்மேல் திருமண நாள் குறிக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். ஏசண்டு சொன்ன வார்த்தையை நம்பி, விசாத் தாள் கைக்கு வருமுன்னே மகனின் வளைகுடாச் சம்பளத்தில் மாடி கட்ட அடித்தளம் தோண்டுவோரையும் அறிவோம். மதிப்பெண் வருமுன்னே மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையை உறவினரிடம் அறிவித்துவிட்டுப் பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிப்போரும் உண்டு. கடைசியில் கூறிய வகையில் பணநட்டம் இல்லை. ஆனால் அதன் பாரம் முழுவதும் ஓர் இளம் உள்ளத்தின்மேல் விழுகிறது. பெற்றோர் எண்ணிய குஞ்சுக்குப் பிள்ளை கடன் தீர்க்க வேண்டியதாகிறது.

இப்போது அத்தாயின் கேள்விக்கு வருவோம். எண்ணவே கூடாதா?

லூக்கா நற்செய்தியில் இரண்டு மனிதர் வருகின்றனர். ஒருவன் கோபுரம் கட்ட நினைக்கிறவன். முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் பொருள் இருக்கிறதா என்று கணக்குப் பார்ப்பதே அவனுக்கு அழகு என்கிறார் ஆண்டவர். மற்றொருவன் பெரு விளைச்சல் கண்ட செல்வன். பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவை கட்டி, பல்லாண்டு உண்டு களிக்கலாம் என்று தன் நெஞ்சோடு பேசிக்கொள்கிறான். அவனை அறிவிலி என்கிறார். இருவருமே திட்டமிட்டவர்கள்தாம். ஒருவன் விவேகியாகவும் மற்றவன் அறிவிலியாகவும் ஆனது எதனால்? முதலாமவன் எண்ண வேண்டியது கையில் உள்ள பொருளை. இரண்டாமவன் எண்ணியது தன் வாழ்நாளை. அன்றிரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. முன்னது முட்டைக் கணக்கு. பின்னது குஞ்சுக் கணக்கு. யாகப்பர் திருமுகமும் இன்ன நகருக்குப் போய் ஓராண்டு தங்கி இலாபம் ஈட்டுவோம் என்று பேசும் வணிகரைக் கண்டிக்கிறது. பயணம் போகாதே, வணிகம் செய்யாதே என்று அது சொல்லவில்லை. நாளை என்பது நம் கையில் உள்ள சரக்கன்று என்பதை மறவாதே என்றுதான் சொல்கிறது.

ஆகவே மாணவன் தன் ஏட்டில் இவ்வாறு எழுதலாம்: ‘உறுதியாகக் கிடைக்காத பயனைக் கிடைத்ததாகக் கருதி, அதன்மேல் செலவோ வாக்குறுதியோ செய்யாதே.’ இத்தொடரை ஆங்கிலத்தில் பெரும்பாலும் எச்சரிக்கையாகவே வழங்குவர். ‘அவர் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்’ என்று பாதித் தொடரை மட்டும் கூறினாலும் பொருள் விளங்கும். பயன்படுத்தும் இடத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். வேலைக்கான நேர்முகத் தேர்வு முடிந்தவுடன், உத்தரவு வருமுன்னே, தவணைக்கு மோட்டார் சைக்கிள் வாங்க நிற்பவனிடம் இதைச் சொல்லலாம். தேர்வுக்கு அட்டவணை போட்டுப் படிக்கும் மாணவியிடம் சொல்லலாகாது. வாரக்கூலியில் சிறுதொகையை மாதந்தோறும் அஞ்சலகத்தில் கட்டிவரும் பீடி சுற்றும் தாயிடம் சொல்லவே கூடாது. அவர் எண்ணுவது வந்த பணத்தை. அன்றியும், ஒருவர் வீழ்ந்த பின்னர் அவரிடம் போய், ‘அன்றே சொன்னோமே, குஞ்சை எண்ணாதே என்று’ எனக் குத்திக்காட்டுவதற்கு இத்தொடர் ஏற்பட்டதன்று. பொரிக்குமுன் சொன்னால் அது அறிவுரை. உடைந்தபின் சொன்னால் அது வசை.

குடும்பக் கணக்கு எழுதும் வீடுகளுக்கு ஒரு சொல். நோட்டுப் புத்தகத்தில் வரவுப் பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்துவிடுங்கள். ஒரு பாதியில் ‘வந்தது’. மறு பாதியில் ‘வரவேண்டியது’. செலவும் வாக்கும் முதற்பாதியைப் பார்த்தே அமையட்டும். இரண்டாம் பாதியைப் பார்த்து உழைக்கலாம், செபிக்கலாம், நம்பிக்கை கொள்ளலாம். ஆனால் கடன் வாங்கலாகாது. யாரேனும் வந்து உங்கள் பணத்துக்கு உலகில் இல்லாத வருவாய் தருவதாகச் சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பொருளைக் கடைசியில் விலைகொடுத்து வாங்கி உண்பவர் அல்லது உடுத்துபவர் யார்? புதிதாக ஒருவரும் சேராவிட்டாலும் எனக்குப் பணம் வருமா? வாக்களித்தபடி வராவிட்டால் என் வீட்டில் நாளைக்கு உலை கொதிக்குமா? இந்த மூன்றுக்கும் நேரான விடை இல்லையெனில், அவர் தலையில் இருப்பது பூசணிக்காய்.

அடைகாக்கும் கோழியைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அது குஞ்சுகளை எண்ணுவதில்லை. ஆனால் முட்டைகளை விட்டுப் போவதுமில்லை. இரை தேட ஒரு நாழிகை இறங்கினாலும் சூடு ஆறுமுன் திரும்பி வந்துவிடும். இருபத்தொரு நாளும் தன் வேலையைச் செய்கிறது. எத்தனை பொரித்தனவோ அத்தனையையும் சிறகுக்குள் சேர்த்துக்கொள்கிறது. குத்துக்கல்வலசைத் தாய் தம் மகனை அடைக்கூடையின் பக்கத்தில் சற்று உட்கார வைத்தால், அகராதி விட்டுவிட்டதை அவன் தானே எழுதிக்கொள்வான்.